விதைநெல்லையும் தூக்கிக்கொண்டு போனார்களா?

கேள்வி:

மேடம், நான் பத்து வருடங்களுக்கும் மேலாக இங்கிலாந்தின் பிரைட்டன் கால்பந்து கிளப்பின் ரசிகன். நாங்கள் இரண்டாம் டிவிஷனில் இருந்த காலத்திலிருந்தே பார்க்கிறேன். 2022 செப்டம்பரில் எங்கள் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை லண்டனின் பணக்காரக் கிளப்பான செல்சி எடுத்துக்கொண்டது. அப்போது நாங்கள் பிரீமியர் லீக் பட்டியலில் நான்காம் இடத்தில் இருந்தோம். அவரோடு உதவிப் பயிற்சியாளர்கள் போனார்கள், கோல்கீப்பர் பயிற்சியாளர் போனார், எங்கள் பழைய கேப்டன் புரூனோவும் போனார். இரண்டு மாதத்தில், வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவின் தலைவர் பால் வின்ஸ்டான்லியும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வந்த சாம் ஜுவலையும் 2024இல் அதே செல்சி எடுத்தது.

வீரர்கள் போவது எங்களுக்குப் பழகிவிட்டது. குக்குரேயா போனபோதும் கைசேடோ போனபோதும் இரண்டு நாள் வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். இது மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது? நண்பர்களிடம் சொன்னால், "கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுக்கிறவர் போனதற்கா இந்த முகம்?" என்று சிரிக்கிறார்கள். பாட்டரை செல்சி வேலையிலிருந்து நீக்கிய அன்று துள்ளிக் குதித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அமைதியான மனிதர், எங்களுக்கு நல்லது மட்டுமே செய்தவர். அவர் வேலை போனதற்குச் சந்தோஷப்பட்ட நான் எப்படிப்பட்டவன்?

இப்போதெல்லாம் புதிதாக யார் பயிற்சியாளராக வந்தாலும் பெயரைக்கூடத் தெரிந்துகொள்வதில்லை. எப்படியும் போய்விடுவார்கள்தானே. என் மகள் அறையில் ஒட்டியிருந்த புரூனோவின் படத்தை நான்தான் கழற்றினேன். "அப்பா, புரூனோ கெட்டவரா?" என்று கேட்டாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கண்ணில் முதலில் பட்டது "நாங்கள்" என்ற சொல். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் மாணவர்கள் "நாம் ஜெயித்தோம்" என்று சொல்வது கூடியது, தோற்றால் அந்த "நாம்" குறைந்துபோனது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை. இழப்பைப் பற்றி எழுதும்போதும் "நாங்கள்", "எங்கள்" என்றே எழுதியிருக்கிறீர்கள். வெற்றிக்கு மட்டும் சொந்தம் கொண்டாடுகிறவருக்கு இந்த வலி வராது. உங்களுக்கு வந்திருக்கிறது என்றால், அந்தக் கிளப்போடு நீங்கள் நிஜமாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நண்பர்கள் சிரிப்பதைப் பற்றி. கென்னத் டோகா என்ற துக்க ஆய்வாளர் 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழில் அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று சொல்லலாம். மனிதனுக்கு இழப்பு இருக்கும், ஆனால் "இதற்கெல்லாமா வருத்தப்படுவாய்?" என்று சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். அப்போது துக்கம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும், பிறகு வேறு உருவத்தில் வெளிவரும். வளர்த்த நாய் செத்துப்போனவர்களிடமும், பழைய காதலரின் மரணச் செய்தியை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் துள்ளலும், தூக்கமின்மையும், படத்தைக் கழற்றியதும் அப்படி உருமாறி வந்தவைதான் என்று நினைக்கிறேன்.

சரி, வீரர்கள் போனபோது வராத வலி இதில் ஏன் வந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்வியின் நடு நரம்பு இதுதான்.

வீரர் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் காலம் என்று ஒன்று உண்டு, அது எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று உங்களுக்குத் தெரியும். வாரக்கணக்கில் வதந்தி வரும். மனது தயாராகும். கடைசியில் ஒரு தொகை வரும். கைசேடோ போனபோது மொத்தம் 11.5 கோடி பவுண்டு வரை வரக்கூடும் என்று பேசினார்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும் வலியோடு ஒரு பெருமிதமும் வந்திருக்கும், "எங்களிடம் வளர்ந்தவருக்கு இவ்வளவு விலை" என்று. பயிற்சியாளர்களும் அலுவலர்களும் போவது வேறு மாதிரி. அவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் காலம் கிடையாது. அவர்கள் மற்ற எல்லோரையும் போலச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். ஒப்பந்தம், நோட்டீஸ் காலம், நஷ்டஈடு, சில சமயம் வேலைக்கு வராமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் கார்டனிங் லீவ். இவ்வளவுதான் வேலி. சீசன் ஆரம்பித்து ஒரு மாதத்தில், ஒரு புதன்கிழமை செல்சி தன் பயிற்சியாளரை நீக்குகிறது. வியாழக்கிழமை உங்கள் பயிற்சியாளர் அங்கே சேர்ந்துவிட்டார் என்று அறிவிப்பு வருகிறது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் லெஸ்டரை 5-2 என்று அடித்திருந்தீர்கள். தயாராக மனதுக்கு நேரமே இல்லை.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. பணக்காரக் கிளப்பின் ரசிகர் எதைப் பற்றி வேண்டுமானாலும் பெருமைப்படலாம். கோப்பை, நட்சத்திர வீரர், மைதானத்தின் பிரம்மாண்டம். பணம் குறைவாக உள்ள கிளப்பின் ரசிகருக்கு ஒரே ஒரு பெருமைதான்: "அவர்களிடம் காசு இருக்கிறது, எங்களிடம் மூளை இருக்கிறது." ஈக்வடாரிலும் ஜப்பானிலும் யாரும் கவனிக்காத பையனைக் கண்டுபிடித்து வளர்ப்பது உங்கள் கிளப்பின் மூளை. வீரர்கள் அந்த மூளை விளைவித்த நெல். நெல்லை விற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, விற்பதற்காகத்தான் விளைவிக்கிறோம். ஆனால் வாங்க வந்தவர் அறுவடையை விட்டுவிட்டு, மூலையில் கட்டி வைத்திருக்கும் விதைநெல் மூட்டையைத் தூக்கினால்? ஆட்களைத் தேடிப் பிடிக்கிறவரையும், பயிற்றுவிக்கிறவரையும், அவருக்குப் பின்னால் வந்தவரையும் ஒரே கிளப் ஒவ்வொருவராக எடுத்தபோது உங்களுக்குத் தோன்றியது அதுதான். உங்கள் ஒரே பெருமைக்கே அவர்கள் விலை பேசினார்கள். இதற்கு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தோற்றதற்காகவும் அவர்கள் போகவில்லை. நன்றாகச் செய்ததால் போனார்கள். தோல்வியால் வந்த இழப்பை அடுத்த முறை சரி செய்துகொள்ளலாம். நன்றாகச் செய்ததாலேயே வந்த இழப்பை எப்படிச் சரி செய்வது? இனிமேல் கொஞ்சம் மோசமாக ஆடுங்கள் என்றா சொல்ல முடியும்? ரசிகரைக் கையாலாகாதவராக உணர வைப்பது இதுதான். அலுவலகங்களிலும் இதைப் பார்க்கிறேன். தங்கள் குழுவின் சிறந்த நாலு பேரைப் பெரிய நிறுவனம் ஒன்று இழுத்துக்கொண்ட பிறகு என்னிடம் வருகிறவர்கள் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

இப்போது பாட்டர் நீக்கப்பட்ட நாள். 2023 ஏப்ரல் 2. செல்சியில் 31 ஆட்டங்கள்தான் அவருக்குக் கிடைத்தன. நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள், அப்புறம் வெட்கப்பட்டீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

1998 உலகக் கோப்பையில் ஜெர்மனி காலிறுதியில் குரோஷியாவிடம் தோற்றது. அதில் நெதர்லாந்துக்காரர்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பற்றி ஒரு ஆய்வு 2003இல் வெளிவந்தது. தங்கள் சொந்த அணி தாழ்ந்தது என்ற நினைப்பு உறுத்தியபோது, ஜெர்மனியின் தோல்வியில் வந்த சந்தோஷம் கூடியது என்று கண்டார்கள். உங்கள் துள்ளலுக்கும் அதே வேர்தான். 2022 செப்டம்பரில் அந்த அறிவிப்பு உங்களிடம் ஒரு செய்தியைச் சொன்னது: "நீங்கள் ஒரு படிக்கட்டு. மேலே போகிறவர் மிதித்துவிட்டுப் போகும் இடம்." ஏழு மாதம் அந்தச் சொல் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. அவர் நீக்கப்பட்டபோது அந்தச் சொல் பொய்யானதாக உங்களுக்குத் தோன்றியது, துள்ளினீர்கள். ஒரு மனிதரின் வேலை போனதற்காக நீங்கள் துள்ளவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துதான் வந்தன, ராத்திரி மனசாட்சி அவற்றைப் பிரித்துக் காட்டியது. தூக்கம் வராத அந்த ராத்திரியை நான் உங்கள் கணக்கில் நல்லதாகவே எழுதுவேன்.

இங்கே உங்களிடம் கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம் பேச வேண்டும். உங்கள் கடிதம் 2022இல் தொடங்குகிறது. நான் 2019இல் தொடங்குகிறேன்.

அந்த வருடம் மே மாதம் பாட்டர் பிரைட்டனுக்கு எங்கிருந்து வந்தார்? வேல்ஸில் உள்ள ஸ்வான்சி கிளப்பிலிருந்து. அங்கே அவர் ஒரே ஒரு சீசன்தான் இருந்தார். அப்போதுதான் பிரீமியர் லீகிலிருந்து இறங்கி, பணமும் வீரர்களும் போய், இளம் பையன்களை வைத்து மறுபடி கட்டிக்கொண்டிருந்த கிளப் அது. அந்த ரசிகர்கள் பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகத் தங்கள் அணியின் ஆட்டத்தை ரசிக்க ஆரம்பித்திருந்தார்கள். பிரைட்டன் நஷ்டஈடு கொடுத்து அவரை எடுத்தது. அவரோடு அவருடைய உதவியாளர்கள் பில்லி ரீடும் பியோர்ன் ஹாம்பெர்க்கும் வந்தார்கள். அதே ஆட்கள், அதே மூட்டை. அன்றைக்கு நீங்கள் என்ன நினைத்தீர்கள்? "நல்ல ஆளைப் பிடித்துவிட்டோம்" என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அதில் தப்பில்லை. அதே நாளில் ஸ்வான்சியில் யாரோ ஒருவர் உங்களைப் போலவே தன் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றிருப்பார்.

2024இல் பிரைட்டனுக்கு வந்த ஃபேபியன் ஹர்ட்ஸலருக்கு அப்போது வயது 31. ஜெர்மனியின் சாங்க்ட் பவுலி கிளப்பை முதல் டிவிஷனுக்கு ஏற்றிய கையோடு வந்தார். அந்தக் கிளப்புக்கு நீங்கள்தான் பணக்காரர்கள். இதைச் சொல்வது உங்கள் வாயை அடைக்க அல்ல. "நீயும்தானே செய்தாய்" என்று சொல்லி யாருடைய வலியையும் ரத்து செய்ய முடியாது. உங்கள் கோபத்துக்குச் சரியான விலாசம் கண்டுபிடிக்க உதவும் என்றுதான் சொல்கிறேன். செல்சி தனியாக ஒரு கெட்ட கிளப், பாட்டர் தனியாக ஒரு துரோகி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரிவரவில்லை. பணம் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கும் விளையாட்டில், மேலே இருப்பவர் கீழே கை விடுகிறார், அவர் தனக்கும் கீழே கை விடுகிறார். அந்த ஏற்பாட்டின் மீது கோபப்படுங்கள், உரக்கவே கோபப்படுங்கள். அந்தக் கோபத்தில் நானும் உங்களோடு இருக்கிறேன்.

ஜெர்மனியில் 2021இல் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். டார்ட்மண்ட் கிளப், மோன்ஷன்கிளாட்பாக் கிளப்பிலிருந்து பயிற்சியாளர் மார்கோ ரோஸாவை எடுத்தது. பயிற்சியாளரை இழந்த கிளாட்பாக், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆடி ஹூட்டரை எடுத்தது. ஹூட்டர் அதற்கு முன்பு தொலைக்காட்சியில் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். ஃபிராங்க்ஃபர்ட் அந்த நேரத்தில் நான்காம் இடத்தில், ஐரோப்பாவின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீகின் வாசலில் நின்றது. முதல் நான்கு இடங்களுக்குத்தான் அங்கே அனுமதி. அறிவிப்புக்குப் பிறகு சறுக்கி ஐந்தாவதாக முடித்தது. வாசல் மூடிவிட்டது. ரசிகர்களின் மனநிலையை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பிறகு ஃபிராங்க்ஃபர்ட், வோல்ஃப்ஸ்பர்கிலிருந்து ஆலிவர் கிளாஸ்னரை எடுத்தது. ஒரு வருடம் கழித்து, 2022 மே 18 அன்று, செவில் நகரில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை பெனால்டியில் வென்று, ஐரோப்பாவின் அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது அந்த ஃபிராங்க்ஃபர்ட்தான். ரோஸாவும் சரி, ஹூட்டரும் சரி, போன இடத்தில் ஒரே சீசன்தான் தங்கினார்கள்.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆள் போய், அதிலிருந்து எழுந்திருக்கவே முடியாத கிளப்கள் உண்டு. ஆனால் இந்தக் கதையில் துரோகம் என்ற சொல்லைப் பற்றி யோசிக்க ஓர் இடம் இருக்கிறது. வேறு வேலைக்குப் போவது துரோகம் ஆகாது. "இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனால், அது வேறு கணக்கு. அங்கே ஒரு வாக்கு உடைகிறது, வாக்கு கொடுத்தவரைக் கேள்வி கேட்க ரசிகருக்கு உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் உள்ளவர்களில் யார் உங்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாக்கைக் கொடுத்தது நாமாகத்தான் இருப்போம். நாம் கொடுத்ததை அவர்கள் கொடுத்ததாக நினைவு வைத்துக்கொள்கிறோம்.

நான் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிதான் நேர்மையாக இருக்கும். நானும் ஒரு முறை அப்படிப் போனவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நாலே பேர் இருந்த ஒரு சிறிய ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தேன். அதை நடத்திய அம்மாதான் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார். எதிரில் அழுகிறவரிடம் எப்போது பேசக் கூடாது என்பது உட்பட. ஆறாவது வருடம் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சம்பளம் மூன்று மடங்கு. என் வீட்டில் அப்போது கடன் இருந்தது. போனேன். போகும்போது எனக்குக் கீழே இருந்த ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன். எனக்குப் பழகியவர் பக்கத்தில் இருந்தால் தைரியம் என்று நினைத்தேன். அந்த மையத்தில் மீதி இரண்டே பேர்.

அந்த அம்மா எனக்குக் கைகொடுத்து, "நல்லா இரு" என்றார். பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. ஒரு கருத்தரங்கில் தற்செயலாகப் பார்த்தபோது நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ போனதுல எனக்குக் கோபமே இல்லம்மா. நாம எல்லாரும் சேர்ந்து எழுதி வச்ச நோட்டையும் எடுத்துட்டுப் போனியே, அதுலதான் ரெண்டு நாள் அழுதேன்." நாங்கள் ஆறு வருடம் சேர்த்து எழுதிய குறிப்பேடு அது. என் கையெழுத்தில் இருந்ததால் என்னுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருந்தேன். அப்படியே கூனிப்போய் நின்றேன். அவர் தொடர்ந்து, "அப்புறம் அதை மறுபடி எழுத உக்காந்தோம். பழசுல பாதி தேவையே படல" என்றார்.

அதனால்தான் உங்கள் விதைநெல் பயத்துக்கு இந்த இடத்தில் வருகிறேன். அவர்கள் தூக்கிக்கொண்டு போனது நிஜமாகவே விதைநெல்தானா?

உங்கள் கிளப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டர் போன பத்தாம் நாள் ராபர்ட்டோ டி ஸெர்பி வந்தார். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது? இவர் போனால் அடுத்து யார் என்று ஒவ்வொரு முக்கியமான பதவிக்கும் முன்கூட்டியே பார்த்து வைப்பது பிரைட்டனின் வழக்கம். உரிமையாளர் டோனி ப்ளூம் சிறு வயதிலிருந்தே அந்தக் கிளப்பின் ரசிகர், புள்ளிவிவரத்தை வைத்து வேலை செய்கிறவர். அவர் எங்கும் போகவில்லை. அக்டோபர் 29 அன்று பாட்டர் செல்சியோடு உங்கள் மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது 4-1 என்று ஜெயித்தீர்கள். அந்த சீசன் முடிவில் நீங்கள் ஆறாம் இடம், 62 புள்ளிகள், கிளப் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டி. செல்சி 12ஆம் இடம், 44 புள்ளிகள். விதைநெல் மொத்தமும் போயிருந்தால் அந்த விளைச்சல் எங்கிருந்து வந்தது? அவர்கள் எடுத்துப் போனது ஒரு மூட்டை. நிலமும், எதை எப்போது விதைக்க வேண்டும் என்ற பழக்கமும் உங்களிடமே இருந்தன. அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. திரும்பத் திரும்ப எடுத்தால் எந்த நிலமும் களைத்துப்போகும், ஆகவே உங்கள் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் "எல்லாம் போச்சு" என்று 2022 செப்டம்பரில் உங்களுக்குத் தோன்றியது உண்மையாகவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது வேறு ஒரு வரி. புதியவர்களின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தை விட, பாட்டர் விஷயத்தில் வந்த சந்தோஷத்தை விட, இதுதான் உங்களுக்குக் கெடுதல். ஒட்டாமல் இருந்தால் வலிக்காது என்று மனது ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, சனிக்கிழமை மாலையின் அந்தச் சந்தோஷம் முழுவதும். யார் கற்றுக்கொடுத்தது என்று தெரியாமல் ஒரு ஃப்ரீ கிக்கைப் பார்ப்பதற்கும், "இதை இவர்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்று தெரிந்து பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். இந்த சீசனில் ஒரே ஒருவரின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். தலைமைப் பயிற்சியாளர் வேண்டாம், அவரைத் தெரியாமல் இருக்க முடியாது. கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுக்கிறவர், அல்லது இளைஞர் அணியைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவரும் ஒரு நாள் போகலாம். போனால் வலிக்கும். அந்த வலியைத் தாங்க உங்களால் முடியும் என்பதற்கு இத்தனை வருடம் சாட்சி.

போனவர்களைப் பற்றிய செய்தியைத் தேடித் தேடிப் படிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். அவர்கள் மைதானத்துக்கு வரும்போது ரசிகர்கள் கூச்சல் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த 90 நிமிடத்துக்குள் அது விளையாட்டின் பகுதி. அது முடிந்த பிறகு யாருடைய குடும்பத்தைப் பற்றியும் யாரும் ஒரு வரிகூட எழுதக் கூடாது. நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். சிரிக்கிற நண்பர்களிடம் இதைப் பேச வேண்டாம். இன்னொரு பிரைட்டன் ரசிகரிடம் பேசுங்கள். முடிந்தால் ஒரு ஸ்வான்சி ரசிகரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர் உங்களைத் திட்டினால் பொறுமையாகக் கேளுங்கள், அந்தத் திட்டில் உங்கள் குரலே உங்களுக்குக் கேட்கும்.

கடைசியாக உங்கள் மகளின் கேள்வி. இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, அவளும் அதை மறந்திருக்க மாட்டாள்.

புரூனோ கெட்டவர் இல்லை. 2012இல் வலென்சியாவிலிருந்து பிரைட்டனுக்கு வந்தார், ஏழு வருடம் ஆடினார். 2017 ஏப்ரலில் விகனை 2-1 என்று வென்று நீங்கள் பிரீமியர் லீகுக்கு ஏறியபோது கேப்டன் அவர்தான். 2019இல் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் வேலையைக் கற்க ஆரம்பித்தார். அதைக் கற்றுக்கொடுத்தவர் வேறு இடத்துக்குப் போனபோது கூடவே போனார். வேலை கற்றுக்கொள்கிற எவரும் செய்வதுதான் அது. இதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். அதோடு, "அவர் போனபோது அப்பாவுக்கு ரொம்ப வருத்தமா இருந்தது, அதுல படத்தைக் கழட்டிட்டேன், உன்கிட்ட கேட்காம கழட்டினது தப்பு" என்பதையும் சொல்லுங்கள். ஒரு பெரியவருக்கு வருத்தம் வந்தால் அதை வருத்தம் என்றே சொல்லலாம் என்று அவள் உங்களிடமிருந்து முதல் முறையாகக் கேட்பாள்.

படத்தைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்காவது ஒரு அலமாரியில் இருக்கும். எடுத்து அவள் கையில் கொடுங்கள். எங்கே ஒட்டுவது, ஒட்டுவதா வேண்டாமா என்று அவளே பார்த்துக்கொள்வாள்.